பட்டி அடைத்த மணல்

ஹேர்னிங்
வைகாசி 9, 2025

மேரிசெலினுக்கு,

‘அன்புள்ள தங்கச்சி’ என்று தொடங்கிய தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். இது இரண்டாவது தாள். உன் இலக்கத்தை என் போனிலும் வீட்டில் உன் மச்சாளின் போனிலும் தடுத்து வைத்திருக்கிறேன். அடித்து அடித்துப் பார்த்துக் களைக்காதே. போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் இரங்கிப் போவேன். சின்ன வயதில் இருந்து அதுதானே நடக்கிறது. தாளில் எழுதினால் அந்தச் சிக்கல் இல்லை.

நீ வேலை செய்கிற இயற்கை நிதியத்தின் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. புரட்டாதி முடிவோடு நான் மணல்மேட்டை விட்டுச் செம்மறிகளை இறக்க வேண்டுமாம். இரவில் பட்டியை மேட்டிலேயே அடைத்து ஒப்பந்தத்தை மீறினேனாம், மண்ணைக் கெடுத்தேனாம். அதற்குச் சாட்சியாக ஒரு படத்தையும் இணைத்திருக்கிறார்கள்.

படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பவும் பார்த்தேன். உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து நேரே மேட்டுக்குப் போனேன். குட்டிகள் துள்ளிக்கொண்டு நிற்கின்றன, மேட்டின் தெற்குப் பக்கம் முழுக்கப் பச்சை. சந்தோசம் தாங்காமல் ஒரு படம் எடுத்து உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு அனுப்பினேன். ‘பார் செலின், மணலைப் புல்லாக்கிப் போட்டன்’ என்று கீழே எழுதினேன். நீ ஒரு சிவப்பு இதயம் போட்டு அனுப்பினாய். நிதியத்தின் கடிதத்தில் இருப்பது அதே படம். இடது மூலையில் தொப்பியோடு என் நிழல் விழுந்திருக்கிறது. பொய் சொல்ல நினைத்தாலும் அந்த நிழல் விடாது.

அந்த இடத்தை எனக்குக் காட்டியதே நீதான். நெசவுத் தொழிற்சாலை மூடியபின் யன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனை நீதான் எழுப்பினாய். மணல்மேட்டில் செம்மறி மேய்க்க எங்கள் நிதியம் ஆள் தேடுகிறது, விண்ணப்பம் போடுங்கள் அண்ணை என்றாய். நான் கலியாணம் கட்டி வேறு பெயரில் இருக்கிறேன், தங்கச்சி என்று மட்டும் எங்கேயும் சொல்லிவிடாதீர்கள் என்றாய். மூன்று வருடமாக நான் வாய் திறக்கவில்லை. உன் பெயர் யாருடைய வாயிலாவது வந்தால்கூட வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அந்த மேடும் இல்லை, நீயும் இல்லை. நாற்பது செம்மறியை நான் எங்கே கொண்டுபோய்க் கட்டுவது? எங்கள் குடியிருப்பின் பல்கனியிலா?

எங்களுக்குப் பிடிக்காத ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் செய்திருந்தால் ஏசிவிட்டுப் படுத்திருப்பேன். செய்தது நீ. அதுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞானரட்ணம்


புரொண்பி
17 மே 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் மே ஒன்பதில் எழுதிய கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. இந்த டேனிஷ்காரரின் நாட்டில் கடிதம் இப்போது நடந்துதான் வருகிறது. வாசித்துவிட்டு ஒரு இரவு வைத்திருந்து எழுதுகிறேன், கோபத்தில் எழுதக்கூடாது என்பதற்காக. ஏனென்றால் எனக்கும் கோபம் இருக்கிறது.

போன ஐப்பசியில் நான் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அந்த மேட்டில் ஏறினோம். பட்டி நின்ற இடத்தைக் கண்டேன். மின்வேலி கட்டிய அடையாளம், உள்ளே கறுப்பாகப் பிழுக்கை. அப்போதே கேட்டேன். அந்தியானால் செம்மறிகளை வீதிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொட்டிலுக்கு இறக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் முதல் வரியாக இருக்கிறதே அண்ணை என்றேன். ஏன் என்றும் சொன்னேன். நீங்கள் கைத்தடியால் மணலைக் கிளறிக்கொண்டு, "ஓம், இறக்கிறன்" என்றீர்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் திரும்பவும் போய்ப் பார்த்திருப்பேன். நீங்கள் சொன்னபடியால் பார்க்கவில்லை.

இன்னும் ஒருமுறை எழுதுகிறேன். கடலில் இருந்து இத்தனை தூரம் உள்ளே இப்படி ஒரு மணல்மேடு கிடப்பதே அருமை. அந்த மணல் ஏழை மணல். ஏழையாக இருப்பதால்தான் ஆவணியில் ஊதாவாகப் பூக்கிற லுங் புதரும், மணலின் மேல் தோல் மாதிரிப் படர்ந்திருக்கிற சாம்பல் பாசியும் அங்கே உயிரோடு இருக்கின்றன. செம்மறி பகலில் மேய்ந்து, தின்றதை வயிற்றில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட வேண்டும். அப்படித்தான் இந்த மேடு இருநூறு முந்நூறு வருடமாகத் தப்பியது. உரம் விழுந்தால் புல் வந்து லுங்கை மூடிவிடும். பட்டி நிற்கிற இடத்தில் குளம்பு பட்டுப் பாசி பொடியாகும். பாசி போனால் மணலைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை. பங்குனிக் காற்றில் மேட்டின் வடக்குப் பக்கம் கிளம்பிப் போய்க் கீழே வயல் செய்கிற கமக்காரனின் வீதியை மூடியது. அவர் முறைப்பாடு எழுதினார். அதில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது.

உங்கள் விண்ணப்பம் வந்தபோது உங்களை நம்பலாம் என்று நான் நிதியத்தின் கூட்ட மேசையில் சொல்லியிருந்தேன். என்னுடைய பெயரில் சொன்னேன். நீங்கள் எனக்குச் சொன்ன ‘ஓம்’ பொய் என்றால், நான் அவர்களுக்குச் சொன்னதும் பொய்தானே. உங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்கிறீர்கள். நான் ஒரு மாதமாக அலுவலகத்துக்குப் பின்கதவால்தான் போய் வருகிறேன்.

மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை
செலின்


ஹேர்னிங்
வைகாசி 29, 2025

செலினுக்கு,

பாடம் எடுத்ததற்கு நன்றி.

நீ மண் படித்தவள். உன் கதை சரியாகத்தான் இருக்கும். ஆனால் மன்னாரில் எங்கள் அப்பா விதைப்புக்கு முன் பட்டிக்காரரைக் கூப்பிட்டு, இன்றைக்கு இந்த வயல், நாளைக்கு அந்த வயல் என்று ஆட்டுப்பட்டி அடைத்தவர். அடைக்க வந்தவனுக்குச் சாப்பாடும் கொடுத்தவர். அந்தப் பிழுக்கையில் விளைந்த நெல்லைத் தின்றுதான் நீயும் வளர்ந்தாய். ஒரு நிலத்தில் பகல் முழுக்கத் தின்னவிட்டு, இரவில் வயிற்றில் உள்ளதை இன்னொரு இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு பெயர்தான் இருக்கிறது. களவு.

நீ சொன்ன பிறகு ஒரு கிழமை இறக்கினேன். பொய் இல்லை, மச்சாளைக் கேள். காலையில் திரும்பி மேட்டுக்குப் போக வெட்கமாக இருந்தது. மூன்று வருடமாக என் செம்மறிக்குத் தீன் போட்ட நிலம் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறது, நான் ஒன்றும் கொடாமல் எடுத்துக்கொண்டே இருக்கிறேன். எட்டாம் நாள் திரும்பவும் மேட்டில் அடைத்தேன். கிழமைக்கு ஒரு தடவை வேலியைக் கழற்றி அடுத்த துண்டில் கட்டினேன், ஒரு இடமும் விடுபடக்கூடாது என்று. முதுகு நோவோடு செய்தேன். சோம்பலில் செய்த வேலை இல்லை அது.

உனக்குச் சொல்லாமல் விட்டது பிழை. அந்த ‘ஓம்’ பிழை. அதை ஒத்துக்கொள்கிறேன். நீ வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை. பச்சையைக் கண்டால் நீயே மனம் மாறுவாய் என்று நினைத்துத்தான் அந்தப் படத்தை அனுப்பினேன். எப்படிப்பட்ட மடையன் பார்.

நிதியத்தின் ஆள் இங்கர் இரண்டு தடவை வந்து போய்விட்டார். இந்தப் பக்கத்து மேடுகளை எல்லாம் அந்த அம்மாதான் பார்க்கிறவர், இரண்டு நாயோடு திரிவார். அவர்கூட என் முகத்தைப் பார்த்து, சொல்ல வருத்தமாக இருக்கிறது என்றார். உன் கடிதத்தில் அந்த ஒரு சொல்கூட இல்லை.

அதைவிட ஒன்று. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். லுங் வருகிறது, பாசி வருகிறது, கமக்காரனின் வீதி வருகிறது. படம் என்ற சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை.

நான் கேட்டது மணலைப் பற்றி அல்ல. உன்னிடம் இருந்து அவர்கள் அந்தப் படத்தைப் பிடுங்கினார்களா, நீயாகக் கொடுத்தாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

ஞானரட்ணம்


புரொண்பி
11 ஜூன் 2025

அண்ணை,

நானாகக் கொடுத்தேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழும்பிப்போய்ப் பாத்திரம் எல்லாம் கழுவிவிட்டு வந்திருக்கிறேன். மிச்சத்தையும் எழுதாமல் விட்டால் இனி எழுத மாட்டேன்.

உயிர்ப்பு விடுமுறை முடிந்து முதல் கூட்டம். கமக்காரனின் முறைப்பாட்டை என் மேலாளர் மோர்டன் வாசித்தார். இந்த மேய்ப்பரைத் தெரிவு செய்தது யார் என்று கேட்டார், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் உன் நாட்டுக்காரர்தானே, முன்பே தெரியுமா என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். குரலில் ஒன்றும் இல்லை. ‘ஓம், என் அண்ணன்’ என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு அரை மணி நேரம் வெட்கப்பட்டிருப்பேன், அவ்வளவுதான். நான் "தெரியாது" என்றேன்.

சொன்ன உடனே பயம் பிடித்தது. அந்த மேசையில் கறுத்த முகம் என்னுடையது ஒன்றுதான். ஒருநாள் உறவு வெளியே வந்தால், சொந்தக்காரனை நுழைத்துவிட்டு மறைத்தவள் என்பார்கள். எங்கள் ஆட்கள் எல்லாருமே இப்படித்தான் என்பார்கள். பொடியனோடு தனியாக இருக்கிறவள் நான், இந்த வயதில் வேறு எங்கே போய் மண் கிண்டுவேன். உங்கள் பிழையை நானே பிடித்துக் கொடுத்தால் ஒருவருக்கும் சந்தேகம் வராது என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. போனைத் திறந்தேன். எங்கள் ஆட்களின் முகநூல் குழு ஒன்றில் இந்தப் படத்தைக் கண்டேன் என்று சொல்லிக் காட்டினேன். நீங்கள் கீழே எழுதியிருந்த வரியை வெட்டிவிட்டுத்தான் காட்டினேன். உங்கள் நிழலையும் வெட்டலாமா என்று யோசித்தேன். வெட்டினால் படத்தில் கை வைத்தது தெரிந்துவிடும் என்று அப்படியே விட்டேன்.

கெட்டிக்காரி என்றார் மோர்டன்.

அந்த இதயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது பொய் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை படம் வந்தபோது குட்டிகளையும் உங்கள் நிழலையும் பார்த்துச் சிரித்தேன். அந்தப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று திங்கட்கிழமை பின்னேரம்தான் எனக்கே உறைத்தது. அப்போதாவது உங்களுக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால் நீங்கள் இன்னொரு ‘ஓம்’ சொல்வீர்கள் என்று என் மனத்துக்குச் சமாதானம் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்கிறேன்.

செலின்


புரொண்பி
13 ஜூலை 2025

அண்ணை,

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் வியாழக்கிழமை நிதியத்தில் இருந்து மேட்டைச் சோதிக்க வந்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் வருவேன் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வண்டியில் மோர்டனும் இங்கரும் கதைத்துக்கொண்டே வந்தார்கள், நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மேட்டில் ஏறியதும் நீங்கள் நின்றீர்கள். பட்டியைக் காணவில்லை. உங்கள் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி, அதில் வழித்தெடுத்த பிழுக்கை. மூன்று வருடம் போட்டதை மண்வாரியால் வழித்து வழித்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தீர்கள். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை என்று இங்கர் எனக்குப் பிறகு சொன்னார்.

நீங்கள் மோர்டனுக்குக் கை கொடுத்தீர்கள், இங்கருக்குக் கொடுத்தீர்கள். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டி டேனிஷில் வணக்கம் சொல்லி, "ஞானரட்ணம்" என்றீர்கள். எனக்கு உங்கள் பெயரைச் சொன்னீர்கள். நானும் "மேரி" என்றேன். உங்கள் கை முழுக்கக் காய்ப்பு.

மண் பார்க்கக் குழி தோண்டியது நான்தான். நீங்களும் எட்டிப் பார்த்தீர்கள். மேலே விரற்கடை கறுப்பு, அதன் கீழே சாம்பல் வெள்ளை, அதற்கும் கீழே துருப்பிடித்த நிறத்தில் இறுகிப்போன மண். உரம் விழுந்து கறுப்பு முன்னையைவிடத் தடித்திருந்தது. மோர்டன் உங்களிடம் எங்கெங்கே பட்டி நின்றது என்று கேட்க, நீங்கள் தடியால் ஒவ்வொரு துண்டாகக் காட்டினீர்கள். பொய் சொல்லியிருக்கலாம், பாதியை மறைத்திருக்கலாம். என்னைத் தவிர வேறு ஒன்றையும் நீங்கள் அங்கே மறைக்கவில்லை.

பிறகு போத்தலில் இருந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினீர்கள். மோர்டனிடம் எத்தனை சீனி என்று கேட்டீர்கள், இங்கரிடம் கேட்டீர்கள். எனக்குக் கேட்காமலே மூன்று கரண்டி போட்டுக் கலக்கித் தந்தீர்கள். நான் குடித்தேன். நீங்கள் அதைக் கவனித்தீர்களோ தெரியாது, யாராவது கண்டுவிட்டார்களோ என்று நான் பயந்துபோனேன். பயப்பட்டேன் என்பதே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அண்ணன் ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்க ஒரு மனிசிக்குப் பயம் வரலாமா?

திரும்பி வரும்போது பின் இருக்கையில் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். இந்த மறைப்பை இப்படியே கொண்டுபோக எனக்குத் தெம்பு இல்லை.

செலின்


ஹேர்னிங்
ஆவணி 18, 2025

அன்புள்ள செலினுக்கு,

இந்த முறை கிழிக்கவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

ஆனியில் வந்த உன் கடிதத்தை வாசித்துவிட்டு உனக்குப் பதில் போடுவதில்லை என்று மாதாவுக்கு முன்னால் சொல்லியிருந்தேன். ‘தெரியாது’ என்றாயே, அதுதான். படத்தைக் கொடுத்ததைக்கூட ஒரு வழியில் விழுங்கலாம். தெரியாது என்று சொன்னதை விழுங்க முடியவில்லை. மேட்டில் உன்னிடம் வந்து பெயர் சொன்னதும் உன்னைக் குத்தத்தான். தெரியாது என்றாய், தெரிந்துகொள் என்று. உன் முகம் வெளிறினதைக் கண்டபோது குத்தியது போதும் என்றாகிவிட்டது. அதன் பிறகுதான் தேத்தண்ணி. அந்தச் சீனி வேணுமென்று போட்டது இல்லை. கை தானாகப் போட்டுவிட்டது.

அதில்தான் வந்தது வினை. போன செவ்வாய் இங்கர் வீட்டுக்கு வந்தார். குந்தி இருந்து உன் மச்சாள் பொரித்த ரோல்ஸ் இரண்டு சாப்பிட்டார். பிறகு மெல்லமாகக் கேட்டார்: அந்த மேரி உங்களுக்குச் சொந்தமா? எல்லாரிடமும் சீனி கேட்டீர்கள், அவரிடம் மட்டும் கேட்கவில்லையே என்று. நாயோடு திரிகிற மனிசிக்கு மூக்கும் நாயுடையதுதான். உன் மச்சாள் குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டா.

நான் சிரித்தேன். எங்கள் ஊர்ப் பொம்பிளையள் எல்லாரும் மூன்று கரண்டிதான், கேட்கத் தேவையில்லை என்றேன். அந்த மனிசியை எனக்குத் தெரியாது, கோயிலில் ஒருதரம் கண்டிருக்கலாம் என்றேன். இங்கர் நம்பிவிட்டார். நான் மேட்டில் எல்லாவற்றையும் நேரே காட்டியது அவருக்குப் பிடித்துவிட்டதாம். நீங்கள் நேராகக் கதைக்கிற ஆள், அதனால்தான் இதைக் கேட்கிறேன் என்றார். ஆற்றோரம் நிதியத்துக்கு ஒரு ஈரப் புல்வெளி இருக்கிறது. ஐப்பசியில் இருந்து அதை எனக்குத் தரப் பார்க்கிறார். அங்கே இரவிலும் செம்மறி நிற்கலாம். பட்டி அடைக்கலாம் செலின். எழுத்து வேலை இந்த மாதக் கடைசியில் முடிந்துவிடுமாம்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அதற்கு நாள் செல்லும், வராமலும் போகலாம். ஆனால் உன் வேலை உனக்கு இருக்கட்டும், பொடியனை வளர்க்க வேணும். நீ எனக்காக இனி ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரே ஒரு உதவி. வாயை மூடிக்கொண்டு இரு. நீ என் தங்கச்சி என்று தெரிந்தால் நான் இங்கருக்குப் பொய் சொன்ன ஆளாகிவிடுவேன். அவர் என்னை நம்புவதைத் தவிர இப்போது என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் உன் இலக்கத்தைத் திறந்துவிடுகிறேன். மார்கழியில் நத்தார்ப் பூசைக்குப் பொடியனையும் கூட்டிக்கொண்டு வா.

உன் அண்ணை


புரொண்பி
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

இன்று சொல்லிவிட்டேன்.

காலையில் மோர்டனின் அறைக் கதவைத் தட்டி உள்ளே போய், நிற்கிற நிலையிலேயே சொன்னேன். அந்த மேய்ப்பர் என் கூடப் பிறந்த அண்ணன். உறவை மறைக்கச் சொன்னதும் நான். படம் முகநூலில் இருந்து வந்தது இல்லை, எனக்கு அவர் அன்போடு அனுப்பியது. எல்லாவற்றையும் சொன்னேன். அழவில்லை. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

வேலை போகும் என்று நினைத்துக்கொண்டு போனேன். போகவில்லை. எழுத்தில் ஒரு எச்சரிக்கை தருவார்களாம், மேய்ச்சல் நிலங்களில் இருந்து என்னை எடுத்து வேறு பிரிவில் போடுவார்களாம். இதை நீங்களே வந்து சொன்னது பெரிய விசயம் என்று மோர்டன் கை கொடுத்தார். எனக்கு அது வெட்கமாக இருந்தது. ஆனாலும் அண்ணை, நாலு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது.

நான் அறையில் இருக்கும்போதே அவர் இங்கருக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். இனி இங்கர் வந்தால் நீங்கள் ஒன்றையும் மறைக்கத் தேவையில்லை. உங்களுக்கு இதைப் போனில் சொல்லலாம் என்று பார்த்தேன், இன்னும் தடுத்துத்தான் வைத்திருக்கிறீர்கள். எங்கள் வீதி முனையில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போய்த்தான் இதைப் போட வேணும். பரவாயில்லை, போடுகிறேன்.

மேடு திரும்பி வராது என்று தெரியும். ஆனால் இனி எந்த மேசையிலும் என் அண்ணனைத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். அதையாவது உங்களுக்குத் திருப்பித் தந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

உங்கள் தங்கச்சி
செலின்


ஹேர்னிங்
புரட்டாதி 21, 2025

மேரிசெலினுக்கு,

நான் போட்ட கடிதமும் நீ போட்ட கடிதமும் ஒரே கிழமையில் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது கிடைத்ததும் நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் வாசல் மணி அடித்ததாக உன் மச்சாள் சொன்னா. நான் திறக்க விடவில்லை. அது நீயாகத்தான் இருந்திருக்கும்.

இங்கர் ஆவணி இருபதிலேயே வந்துவிட்டார், உன் கடிதம் வர முன்பே. இந்த முறை உள்ளே வரவில்லை. நாய்களை வண்டியிலேயே விட்டுவிட்டு குடியிருப்புக்குக் கீழே நின்றார். தேத்தண்ணி வைக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். "நான் உங்களிடம் நேரேதான் கேட்டேன்" என்றார், அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் பரவாயில்லை. புல்வெளியைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவும் இல்லை. உனக்கு ஒன்று சொல்கிறேன், மேடு போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றைக்கு அந்த மனிசி போன பிறகு நான் மேட்டடிக் கொட்டிலுக்குப் போய் உள்ளே இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன்.

செம்மறிகள் போய்விட்டன. மேற்குக் கரைப் பக்கம் ஒரு டேனிஷ்காரன் மொத்தமாக வாங்கி ஏற்றினான். வண்டியில் ஏறாமல் நின்றது கடா மட்டும்தான், அதையும் நான்தான் பிடித்து ஏற்றினேன். என் கையைக் கண்டால்தான் அது ஏறும்.

தடுத்து வைத்தது நான்தான், போனைத் திறந்து விட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். அதற்கு உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். முதலில் ‘ஓம்’ என்று பொய் சொன்னதும் நான்தான். இரவில் படுத்திருந்து இதை எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன், எப்படிப் பார்த்தாலும் கடைசியில் ஒன்று மிஞ்சுகிறது. நீ என்னைத் தெரியாது என்றாய், உன் வேலைக்காக. நான் உன்னைத் தெரியாது என்றேன், அதுவும் உன் வேலைக்காகத்தான். பிறகு உனக்கு மூச்சு முட்டியதும் என்னைக் கேட்காமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தாய். பொய் சொன்னபோதும் என்னைக் கேட்கவில்லை, உண்மை சொன்னபோதும் கேட்கவில்லை. இரண்டு தடவையும் வேலை உனக்கு மிஞ்சியது, எனக்கு நிலம் போனது. உன் எச்சரிக்கைக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டு. உன்னைக் கும்பிடுகிறேன், நத்தாருக்கு வராதே.

நேற்று மேட்டுக்குக் கடைசியாகப் போய் வேலிக் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வடக்குப் பக்கத்தில் மணல் பறக்காத துண்டில் மிஞ்சிய லுங் இந்த ஆவணியில் நன்றாகத்தான் பூத்திருக்கிறது, இப்போது காய்ந்து தவிட்டு நிறமாக நிற்கிறது. தெற்குப் பக்கம் இன்னும் பச்சை. வருகிற பங்குனியில் இயந்திரம் கொண்டுவந்து அந்தப் பச்சையைத் தோலோடு உரித்து அள்ளிக்கொண்டு போகப் போகிறார்களாம், மணல் திரும்பவும் ஏழையாக வேணுமாம். அறிவித்தல் பலகை போட்டிருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்தில் இருந்தும் ஆட்கள் வருவார்கள். உன்னை வேறு பிரிவுக்கு மாற்றினாலும் மண் பார்க்க உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

வந்தால் பார். மேலே கறுப்பு எவ்வளவு தடிப்பு என்று அளந்து பார். இந்த மணலில் இவ்வளவு உரத்தைக் கொண்டுவந்து போட்டவன் யார் என்று புதிதாக வந்த யாராவது கேட்பார்கள். அவனைத் தெரியும் என்று சொல். இனிச் சொல்வதில் உனக்கு ஒரு நட்டமும் இல்லை.

இ. ஞானரட்ணம்